சங்கிலி பெட்டியிலேயே இருக்கட்டும்

ஜுருவிலிருந்து ஒரு சகோதரி கடிதம் எழுதியிருக்கிறார். பெயரைப் போடவேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருப்பதால் அதை விட்டுவிடுவோம். தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். லயத்து வீட்டில் அம்மாவின் பழைய மிதி மெஷினில் தையல் பழகிய கை. இப்போது தாமானில் வாடகை வீடு, கணவருக்குப் பிறையில் தொழிற்சாலை வேலை, பள்ளி செல்லும் பிள்ளைகள் இருவர். ஓவர்டைம் நின்றுபோய் மாதங்கள் ஆகின்றன. சேலை ரவிக்கை, பஞ்சாபி உடை, பாஜு கூரோங் மூன்றும் நன்றாகத் தைப்பேன், ஆனால் அக்கம்பக்கத்து நாலு வீட்டைத் தவிர யாருக்கும் தெரியவில்லை என்கிறார்.

இனி அவருடைய கேள்விக்கு வருவோம். கைப்பேசியில் வீடியோ விளம்பரம் போட்டால்தான் ஆள் வரும் என்று எல்லாரும் சொல்கிறார்களாம். படம் எடுத்துத் தர ஒருவர் 1,500 வெள்ளி கேட்டிருக்கிறார். கையில் அவ்வளவு இல்லை. கழுத்துச் சங்கிலியை அடகு வைத்துக் கொடுக்கலாமா என்று யோசிக்கிறாராம். வீட்டுக்காரர் வேண்டாம் என்கிறார், தம்பி செய் என்கிறான், நீங்கள் என்ன சொல்கிறீர்கள் என்று கேட்டிருக்கிறார்.

நான் வீட்டுக்காரர் பக்கம். ஆனால் படமே வேண்டாம் என்று சொல்லவில்லை. படம் வேண்டும், சங்கிலி போகவேண்டாம்.

கணக்கைப் பாருங்கள். ஒரு ரவிக்கைக்குக் கூலி 50 வெள்ளி என்று வைத்துக்கொண்டால் 1,500 வெள்ளி என்பது 30 ரவிக்கையின் கூலி. நூலும் லைனிங்கும் ஊக்கும் போக என்று பார்த்தால் இன்னும் கூடும். அடகுக் கடைகள் வாங்கக்கூடிய வட்டிக்கு 1972-ஆம் ஆண்டு அடகுக்காரர் சட்டம் மாதத்திற்கு 100-க்கு 2 வெள்ளி என்று உச்சவரம்பு வைத்திருக்கிறது. அந்தக் கணக்கில் 1,500-க்கு மாதம் 30 வெள்ளி, மீட்பதற்குள்ள ஆறு மாதத்தில் 180 வெள்ளி. அதற்குள் மீட்க முடியாவிட்டால் சங்கிலியின் கதி உங்களுக்கே தெரியும். படம் ஓடி ஆள் வரும் என்பதற்கு யாரும் கையெழுத்துப் போட்டுத் தரமாட்டார்கள். வட்டிதான் நிச்சயம்.

படம் எடுப்பவர் அநியாய விலை கேட்டார் என்றும் நான் சொல்லமாட்டேன். காமிரா, விளக்கு, ஒருநாள் உழைப்பு, பிறகு இரண்டு நாள் உட்கார்ந்து வெட்டி ஒட்டும் வேலை என்று அவருக்கும் செலவு உண்டு. கல்யாண மண்டபம் வைத்திருப்பவருக்கும், ஆட்டோ சிட்டியில் கார் விற்பவருக்கும் அது தகும். வீட்டுக் கூடத்தில் ஒரு மெஷினை வைத்துக்கொண்டிருப்பவருக்கு இப்போதைக்குத் தகாது.

நம்ம ஊர்த் தோட்டத்து ஜோடி ஒன்றை நினைவில் வைத்திருப்பீர்கள். பேராக் மாநிலத்தில் சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த சுகுவும் பவித்ராவும். தோட்ட வேலை செய்து வந்த கணவன் மனைவி. 2020-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் தங்கள் வீட்டுச் சமையலைக் கைப்பேசியில் படம் பிடித்து யூடியூப்பில் போட ஆரம்பித்தார்கள். அந்த மார்ச் மாதம் 18-ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்து நாடே வீட்டுக்குள் அடைந்தபோது, அந்தச் சின்னச் சமையலறை பல லட்சம் வீடுகளுக்குத் தெரிந்துபோனது. அதே ஆண்டில் அப்போதைய பிரதமர் முகிதீன் யாசின் தம் உரையிலேயே அவர்களைக் குறிப்பிட்டுப் பேசினார்.

அந்தப் படங்களில் என்ன இருந்தது? விளக்கு அலங்காரம் இல்லை, பின்னணியில் பூச்சாடி இல்லை. நமது வீடுகளில் இருப்பதைப் போன்ற அடுப்பும் சட்டியும்தான். ஆனால் சட்டிக்குள் என்ன நடக்கிறது என்பது தெளிவாகத் தெரிந்தது. பவித்ரா சரளமான மலாய் மொழியில், பக்கத்து வீட்டு அக்காவிடம் சொல்வதைப் போல் சொன்னார். கணவர் பக்கத்திலேயே நின்று பேச்சுக் கொடுத்தார். மலாய்க்காரர்களும் சீனர்களும் பார்த்ததற்கு அந்த மொழியும் அந்த இயல்பும் காரணம் என்பது என் எண்ணம்.

தமிழ்நாட்டிலும் ஒரு கதை உண்டு. புதுக்கோட்டை மாவட்டம் சின்ன வீரமங்கலம் என்ற சிற்றூரில் ஒரு தாத்தாவும் அவர் பேரப்பிள்ளைகளும் 2018-இல் வயல்வெளியில் சமைத்துப் படம் போட ஆரம்பித்தார்கள். வில்லேஜ் குக்கிங் சேனல் என்பது பெயர். 2021-இல் அதற்கு ஒரு கோடிப் பேர் சந்தாதாரராகச் சேர்ந்துவிட்டார்கள். ஒரு சாமானைச் சட்டியில் போடும்போதெல்லாம் அதன் பெயரை உரக்கச் சொல்லுவார்கள். அம்மி அரைபடும் ஓசை, எண்ணெய் பொரியும் ஓசை எல்லாம் அப்படியே கேட்கும். வேலையின் ஓசையைவிட நல்ல பின்னணி இசை கிடையாது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

இங்கேதான் ஜுரு சகோதரி கவனமாக இருக்கவேண்டும். இந்த இரண்டு கதையையும் கேட்டுவிட்டு, நமக்கும் லட்சம் பேர் வரவேண்டும் என்று உட்கார்ந்தால் தையல் நின்றுபோகும். சுகு பவித்ரா விற்றது தையலோ வயரிங் வேலையோ அல்ல. அவர்களுக்குப் பார்வையாளர்கள்தான் வருமானம். உங்களுக்கோ லட்சம் பேர் பார்த்து, அதில் தொண்ணூறாயிரம் பேர் கோத்தா பாருவிலும் சிங்கப்பூரிலும் இருந்தால் என்ன பயன்? ரவிக்கைக்கு அளவு கொடுக்க அவர்கள் வரப்போவதில்லை. ஜுரு, சிம்பாங் அம்பாட், புக்கிட் தம்புன், புக்கிட் மெர்தாஜாம், பிறை. மோட்டார் சைக்கிளில் அரைமணி நேரத்திற்குள் வரக்கூடியவர்களில் 200 பேர் பார்த்து, 20 பேர் கேட்டு, 8 பேர் துணி கொடுத்தால் அந்த மாதம் வீட்டு வாடகையில் பாதி நிமிர்ந்துவிடும். ஆகவே படத்தின் முதல் வார்த்தையிலேயே ஊர்ப்பெயர் வரட்டும்.

இனி எப்படி எடுப்பது என்று பார்ப்போம்.

பெரியவர்களுக்கு ஒரு காட்சி ஞாபகம் இருக்கும். தோட்டத்துத் திடலில் இரண்டு கம்பம் நட்டு வெள்ளைத் துணி கட்டி, அரசாங்க வேன் வந்து படம் காட்டிய நாட்கள். மலாயன் பிலிம் யூனிட் என்று 1946-இல் தொடங்கிய நிறுவனத்தின் படங்கள் அப்படித்தான் நம் மக்களிடம் வந்தன. அன்று ஐந்து நிமிடப் படம் என்றால் பிலிம் சுருள், அதைக் கழுவ ஒரு கூடம், ஓட்ட ஒரு மெஷின், மெஷினுக்கு ஒரு ஜெனரேட்டர். இன்று அத்தனையும் உங்கள் கைப்பேசிக்குள் அடக்கம். ஆகவே காமிராவைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். மூன்று நான்கு வருடத்துப் பழைய கைப்பேசியே போதும். லென்ஸை மட்டும் பழைய பருத்தித் துணியால் துடையுங்கள். நம் கைப்பேசி சமையல்கட்டிலும் சட்டைப் பையிலும் கிடப்பது. எண்ணெய்ப் பிசுக்கு படிந்த லென்ஸில் எடுத்தால் படம் பனிமூட்டத்தில் எடுத்ததுபோல் இருக்கும். பிறகு கைப்பேசியைக் குறை சொல்வோம்.

வெளிச்சம்தான் பாதிப் படம். அது காசில்லாமல் ஜன்னல் வழியாக வருகிறது. காலை ஒன்பது மணியிலிருந்து பதினொன்றுக்குள், அல்லது மாலை ஐந்து மணிக்கு, ஜன்னலுக்குப் பக்கத்தில் மெஷினைத் தள்ளிப் போடுங்கள். வெளிச்சம் உங்கள் கைமேலும் துணிமேலும் விழவேண்டும். ஜன்னலை முதுகுக்குப் பின்னால் வைத்து எடுத்தால் நீங்கள் கரிய நிழலாகத்தான் தெரிவீர்கள். நேர் வெயில் அடித்தால் ஒரு மெல்லிய வெள்ளைச் சேலையை ஜன்னலில் தொங்கவிடுங்கள். ஸ்டூடியோக்காரர் ஆயிரக்கணக்கில் செலவழித்து வாங்குகிற மென்மையான வெளிச்சம் அந்தச் சேலையில் கிடைத்துவிடும். அந்த நேரத்தில் கூடத்து விளக்கை அணைத்துவிடுவது நல்லது. ஜன்னல் வெளிச்சமும் விளக்கு வெளிச்சமும் கலந்தால் துணியின் நிறம் மாறித் தெரியும். தையற்காரருக்கு இது சின்ன விஷயம் அல்ல. மெரூன் என்று பார்த்து வந்தவருக்கு அது செங்கல் நிறமாக இருந்தால், தையல் எவ்வளவு நன்றாக இருந்தாலும் முகம் சுளிப்பார்.

கையில் பிடித்து எடுக்காதீர்கள், ஆடும். காலாங்கள் வாங்கப் பணம் இருந்தால் பசார் மாலாமில் இருபது முப்பது வெள்ளிக்குள் கிடைக்கும். இல்லாவிட்டால் ஒரு பெரிய மைலோ டின்னில் அரிசியைக் கொட்டி அதில் கைப்பேசியை நிமிர்த்திச் செருகுங்கள். அசையாமல் நிற்கும். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ், டிக்டாக் இரண்டிலும் படம் நெட்டுவாக்கில்தான் ஓடுகிறது. ஆகவே கைப்பேசியை நிமிர்த்தி வைத்தே எடுங்கள். முன்பக்கக் காமிராவைவிடப் பின்பக்கக் காமிரா தெளிவு. கிட்டத்தில் காட்டவேண்டுமானால் விரலால் படத்தைப் பெரிதாக்காமல் கைப்பேசியைக் கிட்டே கொண்டுபோங்கள். எடுக்கும்போது அழைப்பு வராமல் விமானப் பயண முறையில் போட்டுவிடுங்கள். முக்கியமான நேரத்தில் மாமியார் கூப்பிடுவார்!

எதை எடுப்பது? பெரும்பாலோர் தவறுவது இங்கேதான். காமிராவுக்கு முன் நின்று, "நாங்கள் தரமான சேவையை நியாயமான விலையில் வழங்குகிறோம்" என்று மனப்பாடம் செய்து ஒப்பிப்பார்கள். தரமில்லாத சேவை என்று யாராவது சொல்லி விளம்பரம் செய்வார்களா? அந்த வாசகத்தால் ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது. கையைக் காட்டுங்கள். முகம் காட்டக் கூச்சமாக இருக்கிறது என்றும் சகோதரி எழுதியிருக்கிறார். முகம் தேவையே இல்லை. தையற்காரரின் கை, மருதாணி போடுபவரின் கை, பூக்கட்டுபவரின் கை, இவை முகத்தைவிட நன்றாகப் பேசும்.

நானாக இருந்தால் இப்படி ஒரு நாற்பது நொடிப் படம் எடுப்பேன். முதலில் ஒரு ரெடிமேட் ரவிக்கை. கைக்குழியில் துணி இழுத்துச் சுருங்கி நிற்கிறது. ஒரு விரல் அந்தச் சுருக்கத்தைக் கிள்ளிக் காட்டுகிறது. பார்க்கிற பெண்களில் பத்துக்கு எட்டுப் பேர் "அட, என் ரவிக்கையும் இப்படித்தான்" என்று நின்றுவிடுவார்கள். முதல் மூன்று நான்கு நொடியில் நிற்காதவர் அடுத்த படத்திற்குத் தள்ளிக்கொண்டு போய்விடுவார் என்பதால் வணக்கம், பெயர், லோகோ எதையும் முன்னால் வைக்கவேண்டாம். அடுத்து, பிரிப்பான் ஊசி தையலைப் பிரிக்கிறது. அடுத்து, அளவு நாடா. அடுத்து, சாக்குக் கட்டியால் கோடு. கத்தரி ஓடுகிறது, அதை மிகக் கிட்டத்தில் எடுங்கள், அந்தக் கறக் கறக் ஓசையோடு. பிறகு மெஷின் ஊசி. பிறகு கையால் ஊக்கு வைக்கும் காட்சி. முடிவில் அதே ரவிக்கை, அதே கைக்குழி, சுருக்கமில்லாமல். ஒவ்வொன்றும் நான்கைந்து நொடிதான். ஆனால் எடுக்கும்போது ஒவ்வொன்றையும் பதினைந்து நொடி ஓடவிட்டு எடுங்கள், வெட்டும்போது நல்லதைப் பொறுக்கிக்கொள்ளலாம். ஒரே வேலையைத் தூரத்திலிருந்து ஒருமுறை, கிட்டத்தில் ஒருமுறை எடுத்து வைத்துக்கொண்டால் இன்னும் வசதி.

இதற்கு ஒரு நாள் போதும். புதிதாகத் துணி வாங்கவும் வேண்டாம். வேலை செய்கிற அன்றே மைலோ டின்னைப் பக்கத்தில் வைத்துக்கொண்டால் வேலையும் ஆகும், படமும் ஆகும்.

மற்றத் தொழில்காரர்களும் இதே வழியில் யோசிக்கலாம். ஏர்கோன் கழுவுகிறவர் என்றால் கறுத்த தண்ணீர் வாளியில் ஊற்றும் காட்சி ஒன்றே போதும். கேட்டரிங் செய்கிறவர் மூடியைத் திறந்து ஆவி பறப்பதைக் காட்டட்டும். வீடு மாற்றும் லோரிக்காரர் கண்ணாடி அலமாரியைக் கம்பளியில் சுற்றிக் கட்டுவதைக் காட்டினால், வாடிக்கையாளரின் முதல் பயம் தீரும். வயரிங் செய்பவர் தம் சான்றிதழைக் காட்டவேண்டும். இல்லாதவர் விளம்பரம் செய்வதற்கு முன் அதை எடுக்கப் பார்க்கட்டும், நெருப்போடு விளையாடுகிற வேலை அது. உறுமி மேளக் குழுவுக்கு நான் என்ன சொல்லிக் கொடுப்பது, அடித்தால் நாலு தெருவுக்கு அதுவே விளம்பரம்!

ஒலியைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். படம் சுமாராக இருந்தால் மக்கள் பொறுத்துக்கொள்வார்கள். பேச்சு விளங்காவிட்டால் பொறுக்கமாட்டார்கள். நம் வீடுகளில் சத்தத்திற்கா பஞ்சம்? காற்றாடி, பக்கத்து வீட்டு டி.வி., பின்வாசல் சேவல், மழை பெய்தால் தகரக் கூரை. ஆகவே படத்தையும் பேச்சையும் தனித்தனியாக எடுங்கள். இரவு பிள்ளைகள் தூங்கியபிறகு, காற்றாடியை நிறுத்திவிட்டு, துணி அலமாரியைத் திறந்து அதற்குள் முகத்தை வைத்தாற்போல் நின்று, கைப்பேசியோடு வந்த காதொலிக் கருவியின் மைக்கில் பேசிப் பதிவு செய்யுங்கள். தொங்கும் துணிகள் எதிரொலியை உறிஞ்சிவிடும். வானொலி நிலையத்துச் சுவரில் மெத்தை பதித்திருப்பது இதற்காகத்தான்.

என்ன பேசுவது? பக்கத்து வீட்டு அம்மாவிடம் எப்படிச் சொல்வீர்களோ அப்படி. "ஜுருவுல வீட்டுலயே தைக்கிறேங்க. ரவிக்கை, பஞ்சாபி, பாஜு கூரோங். லைனிங் வச்ச ரவிக்கைக்குக் கூலி இவ்வளவு. அளவு கொடுத்து ஏழாம் நாள் வாங்கிக்கலாம். சரியா உட்காரலைன்னா ஒருதடவை காசு வாங்காம திருத்தித் தருவேன். வாட்ஸ்அப் பண்ணிட்டு வாங்க." அவ்வளவுதான், இருபது நொடிகூட ஆகாது. ஏழாம் நாள் என்று சொன்னால் ஏழாம் நாள் கொடுக்கவேண்டும். உங்களால் பத்து நாளில்தான் முடியுமானால் பத்து என்றே சொல்லுங்கள். யாரும் கோபித்துக்கொள்ளமாட்டார்கள்.

அதே பேச்சை மலாயிலும் ஒருமுறை பதிவு செய்து இரண்டாவது படமாகப் போடுங்கள். பாஜு கூரோங் தைக்கத் தெரிந்தவர் தமிழில் மட்டும் விளம்பரம் செய்வது கடையின் ஒரு கதவைப் பூட்டிவைத்ததுபோல. சுங்கை சிப்புட் தம்பதியரிடம் நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது இது. மலாய் இலக்கணம் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் பரவாயில்லை, பேச்சு இயல்பாக இருந்தால் போதும். நிறையப் பேர் சத்தத்தை அணைத்துவைத்துப் பார்ப்பதால் ஊர், கூலி, நாள், எண் நான்கையும் படத்தின்மேல் பெரிய எழுத்தில் எழுதிவிடுங்கள்.

கூலியைச் சொல்லலாமா என்று சிலர் தயங்குவார்கள். "விலைக்குத் தனியாகச் செய்தி அனுப்புங்கள்" என்று போடுவது இப்போது வழக்கமாகிவிட்டது. எனக்கு அது பிடிப்பதில்லை. கேட்கக் கூச்சப்படுகிறவர் கேட்காமலே போய்விடுவார். தவிர, இணையத்தில் வியாபாரம் செய்பவர் பெயர், தொடர்பு எண், முழு விலை முதலியவற்றைக் காட்டவேண்டும் என்று நம் நாட்டில் 2012-லிருந்தே விதி இருக்கிறது. "ரவிக்கை 45 வெள்ளியிலிருந்து" என்பதுபோல் ஆரம்ப விலையைப் போட்டு, வேலைப்பாட்டைப் பொறுத்துக் கூடும் என்று சொல்லிவிட்டால் இரண்டு பக்கத்துக்கும் நிம்மதி.

வெட்டி ஒட்டுவதற்குக் கேப்கட் போன்ற இலவசச் செயலிகள் போதும். பணம் கட்டினால் திறக்கும் வசதிகளும் அவற்றில் உண்டு, அந்தப் பக்கம் போகவேண்டாம். உங்களுக்கு வராவிட்டால் இடைநிலைப் பள்ளியில் படிக்கும் பிள்ளையிடம் கொடுங்கள், அரைமணியில் முடித்துவிடும். ஆனால் ஒன்று, பிள்ளை ஆர்வத்தில் நட்சத்திரம் பறப்பது, எழுத்து குட்டிக்கரணம் போடுவது எல்லாம் சேர்க்கும். அதை எடுத்துவிடச் சொல்லுங்கள். சினிமாப் பாட்டையும் சேர்க்கவேண்டாம். நமக்குப் பிடித்த பாட்டுத்தான், ஆனால் அதற்கு உரிமைக்காரர் இருக்கிறார். நம் நாட்டில் 1987-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் இருக்கிறது. வியாபார விளம்பரத்தில் அனுமதியில்லாமல் போட்டால் ஒலியை அணைத்துவிடுவார்கள் அல்லது படத்தையே எடுத்துவிடுவார்கள். இசை வேண்டுமானால் யூடியூப் இலவசமாகத் தரும் ஒலி நூலகம் இருக்கிறது. டிக்டாக்கிலும் வணிகத்திற்கென்று அனுமதித்த இசை தனியாக இருக்கிறது. கத்தரி ஓசை இருக்கும்போது அதுவும் எதற்கு என்பேன்.

பலகாரமும் மூலிகை எண்ணெயும் விற்கிறவர்கள் இரண்டு விஷயத்தில் கவனமாக இருக்கவேண்டும். ஹலால் சான்றிதழ் பெறாமல் படத்தில் ஹலால் என்ற சொல்லையோ சின்னத்தையோ போடக்கூடாது. நோய் தீரும் என்றும் சொல்லக்கூடாது. மருந்து விளம்பரத்திற்கு 1956-ஆம் ஆண்டிலிருந்தே சட்டம் இருக்கிறது. பாட்டி காலத்து எண்ணெய் என்று சொல்லுங்கள், சர்க்கரை வியாதி போகும் என்று சொல்லாதீர்கள்.

வாடிக்கையாளர் ரவிக்கையைப் போட்டுக்கொண்டு நிற்கும் படம் இருந்தால் நல்லதுதான், ஆனால் அவரிடம் கேட்டுக்கொண்டே போடவேண்டும். கல்யாணப் பெண் ஒருத்தி, தன் முகம் ஊரார் கைப்பேசியில் எல்லாம் ஓடுவதை விரும்பாமல் இருக்கலாம். அந்த வருத்தத்தில் ஒரு குடும்பத்து வாடிக்கையே போய்விடும். உங்கள் பிள்ளைகளின் பள்ளிச் சீருடை, வீட்டு எண், கார் நம்பர் எதுவும் படத்தில் தெரியாமல் பார்த்துக்கொள்ளுங்கள். முகவரியைப் படத்தில் போடாமல், துணி கொடுக்க வருபவருக்கு மட்டும் அனுப்பலாம்.

படம் தயாரான பிறகு, முதலில் வாட்ஸ்அப் பிஸ்னஸ் என்ற இலவசச் செயலியை இறக்கி, தொழிலுக்கென்று ஒரு தனி எண்ணில் வையுங்கள். 2018-இல் வந்தது அது. வேலை நேரம், கூலி விவரம் எல்லாவற்றையும் அதிலேயே எழுதி வைக்கலாம், நீங்கள் மெஷினில் இருக்கும்போது வருகிறவருக்கு அதுவே பதில் சொல்லும். பிறகு ஸ்டேட்டஸில் போடுங்கள். கோயில் குழு, பள்ளிப் பெற்றோர் குழு, தாமான் குழு ஆகியவற்றில் நிர்வாகியைக் கேட்டுவிட்டு ஒருமுறை போடுங்கள். தினமும் போட்டால் எரிச்சல்தான் வரும். பழைய தோட்டத்து ஆட்கள் எங்கெங்கோ தாமான்களுக்குச் சிதறிப் போயிருந்தாலும் இந்தக் குழுக்களில் இன்னும் ஒன்றாகத்தான் இருக்கிறார்கள். ஜுரு தோட்டத்தின் பெயர் தமிழ்ப்பள்ளியின் பெயரில் நிலைத்திருப்பதுபோல், அந்த உறவும் ஏதோ ஒரு வடிவில் நிலைத்திருக்கிறது. உங்கள் முதல் எட்டுப் பேர் அங்கிருந்துதான் வருவார்கள் என்று நினைக்கிறேன்.

வருகிறவர்களில் கள்ளரும் இருப்பார்கள். இருபது செட் சீருடைக்கு ஆர்டர் என்பார்கள், பணம் கூடுதலாகப் போட்டுவிட்டேன், மீதியைத் திருப்பி அனுப்பு என்று வங்கி ரசீதின் படத்தை அனுப்புவார்கள். ரசீதின் படம் பணம் ஆகாது. உங்கள் வங்கிக் கணக்கைத் திறந்து, பணம் வந்திருக்கிறதா என்று உங்கள் கண்ணால் பார்த்த பிறகே துணியில் கத்தரி வையுங்கள். ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டுக்கொண்டு இருக்காமல் உடனே 997 என்ற எண்ணுக்கு அழைக்கவேண்டும். மோசடிக்கென்றே 2022-இல் அரசாங்கம் அமைத்த மையம் அது.

தொழிலைப் பதிவு செய்யவேண்டுமா என்றும் சகோதரி கேட்டிருக்கிறார். செய்யுங்கள். எஸ்.எஸ்.எம்.மில் சொந்தப் பெயரில் என்றால் ஆண்டுக்கு 30 வெள்ளி, வேறு வியாபாரப் பெயர் வைத்தால் 60 வெள்ளி. பின்னால் இந்தியர்களுக்கான தெக்குன் ஸ்பூமி போன்ற கடனுதவிக்கு விண்ணப்பிக்க இது தேவைப்படும். ஆனால் கடன் கிடைத்தால் முதலில் ஓவர்லாக் மெஷின் வாங்குங்கள். காமிராக்காரர் காத்திருக்கட்டும்.

மொத்தச் செலவைக் கூட்டிப் பார்த்தேன். பதிவு 60, காலாங்கள் 30, தனி எண்ணுக்கு ஒரு சிம் கார்டு, துடைக்கப் பழைய துணி. நூறு வெள்ளியைச் சுற்றித்தான் வருகிறது.

துணி கொண்டு வருகிற ஒவ்வொருவரிடமும் "எப்படித் தெரிந்தது?" என்று கேட்டு, ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதி வாருங்கள். ஸ்டேட்டஸ் பார்த்து வந்தவரா, கோயில் குழுவில் பார்த்தவரா, டிக்டாக்கா, இல்லை பக்கத்து வீட்டு அம்மா சொல்லி வந்தாரா என்று. இரண்டு மாதத்தில் எந்தப் பக்கம் நேரம் செலவழிப்பது என்று அந்த நோட்டே காட்டும். டிக்டாக்கில் இரண்டாயிரம் பேர் பார்த்து ஒருவரும் வராமல், மலாய்ப் படத்தைத் தாமான் குழுவில் முப்பது பேர் பார்த்து ஐந்து பேர் வந்திருந்தால் அடுத்த படம் யாருக்கு என்பதில் சந்தேகமே இருக்காது.

தீபாவளிக்கு முந்தைய வேலை எப்படி இருக்கும் என்று தையற்காரருக்கு நான் சொல்லவேண்டியதில்லை. பண்டிகைக்குப் பத்து வாரம் இருக்கும்போதே படத்தைப் போட்டுவிடுங்கள். கடைசியாகத் துணி வாங்கும் தேதியை அதன்மேல் பெரிதாக எழுதிவிடுங்கள். ஹரி ராயாவுக்கு மலாய்ப் படத்திலும் அப்படியே. தேதி தாண்டி வருகிறவர் சித்தி மகளாகவே இருந்தாலும் அந்தப் படத்தைத் திரும்ப அனுப்பினால் போதும்.